வரிக்கு வரி தமிழா, கேள்வி கேட்டு வாசிப்பா?

ஆங்கிலப் பாடத்தை வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டே போனால் வகுப்பு சீக்கிரம் முடியும், பிள்ளைகளும் பென்சிலால் சொல்லுக்கு மேல் பொருளை எழுதிக்கொள்வார்கள், ஆனால் வாசித்தது ஆசிரியர்தான். 1984-இல் அமெரிக்காவில் கல்வி ஆய்வாளர்கள் பாலின்சாரும் பிரவுனும் முன்வைத்த, கேள்வி கேட்டு வாசிக்கும் முறையில் ஊகிப்பது, கேள்வி கேட்பது, புரியாததைத் தெளிவாக்குவது, சுருக்கிச் சொல்வது நான்கையும் பிள்ளைகளே மாறி மாறி நடத்துவார்கள். படகை ‘பேங்க்’கில் கட்டினான் என்று வந்ததும் ஒரு சிறுமி, பணம் போடுற இடத்தில் படகு எப்படி என்று கேட்டாள், அடுத்த வரியில் ஆறு வந்தது, கரை என்று அவளே பிடித்துவிட்டாள். நேரம் கூடுதலாகத்தான் ஆகும், முதல் சில வாரங்கள் நாமே செய்து காட்டவும் வேண்டும். அப்புறம், அவர்கள் தமிழிலேயே விவாதிக்கட்டும், தப்பில்லை. வரியில் பாதிச் சொல் தெரியாத பிள்ளைக்கு மட்டும் முதலில் தமிழ்ப் பொருள் கொடுப்பேன். மற்றபடி எனக்குக் கேள்வி கேட்டு வாசிப்பதுதான்.