நான்கு குளிர்காலம், ஒரு ஜோடி ஆணி டயர்

ஃபின்லாந்தின் ஊலு நகருக்கு வந்த முதல் ஆண்டு, வெப்பமானி சரியாகப் பூஜ்யம் காட்டிய ஒரு நவம்பர் காலையில் சைக்கிளிலிருந்து விழுந்தேன். முந்தின இரவு தூறல் விழுந்திருந்தது. தார்ப்பாதை மினுமினுத்தது, வெறும் ஈரம் என்று நினைத்தேன். சாலைக்கு அடியில் போகும் சுரங்கப் பாதைக்குள் இறங்குகிற வளைவில் ஹேண்டில்பாரைத் திருப்பினேன், முன்சக்கரம் தன் பாட்டுக்குப் பக்கவாட்டில் போய்விட்டது. இடுப்பில் விழுந்து சில மீட்டர் வழுக்கிக்கொண்டே போனேன். பின்னால் வந்த எழுபது வயதுப் பாட்டி ஒருவர், ஒரு தடுமாற்றமும் இல்லாமல் சைக்கிளை நிறுத்தி, கைகால் சரியாக இருக்கிறதா என்று கேட்டார். கீழே கிடந்தபடியே அவருடைய டயரைப் பார்த்தேன். முழுக்க ஆணி. அன்று மாலையே கடைக்குப் போனேன்.

அந்த டயர்களில் நான்கு குளிர்காலம் ஓட்டிவிட்டேன். வீடு ஆற்றுக்குத் தெற்கே. வேலை வடக்கே லின்னன்மாவில். போக 8 கிலோமீட்டர், வர 8. எல்லாம் சேர்த்தால் ஆறாயிரம் கிலோமீட்டரை ஒட்டி வரும்.

ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஃபின்லாந்தின் மேற்குக் கரையில், 65 பாகை வட அட்சத்தில் இருக்கும் நகரம் இது. சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்குமான பாதைகள் மட்டும் 900 கிலோமீட்டருக்கு மேல். குளிர்கால சைக்கிள் பயணத்துக்கான முதல் உலக மாநாடு 2013-இல் இங்கேதான் கூடியது. விடிவதற்கு முன்பே பனி அள்ளும் வண்டிகள் முக்கியப் பாதைகளில் இறங்கிவிடும். தார் தெரியும்வரை சுரண்டுவதில்லை. இறுகிய பனியை ஒரு மெத்தைபோல விட்டுவைத்து, மேலே சன்னமான ஜல்லி தூவுகிறார்கள். அந்த இறுகிய பனி நல்ல பிடிப்புள்ள தரை. அதனால்தான் இந்த ஊர்க்காரர்களில் பலர் ஆணி டயரே இல்லாமல் காலம் தள்ளுகிறார்கள். அவர்களைப் பார்த்து நாமும் அப்படியே போகலாம் என்று கிளம்புவது ஆபத்து. அவர்கள் ஐந்து வயதிலிருந்து பனியில் ஓட்டுகிறவர்கள். நான் முப்பத்தைந்தில் தொடங்கியவன்.

டயர் விஷயத்துக்கு வருகிறேன். நான் வாங்கியதில் ஒவ்வொன்றிலும் 240 ஆணிகள். முனை டங்ஸ்டன் கார்பைடு. வெறும் இரும்பாக இருந்தால் ஒரே பருவத்தில் மழுங்கிவிடும். ஒரு டயர் கிட்டத்தட்ட ஒரு கிலோ எடை. முதல் 40 கிலோமீட்டரைத் தார்ப்பாதையில், திடீர் பிரேக் இல்லாமல் ஓட்டி ஆணிகளை ரப்பருக்குள் நன்றாக உட்காரவைக்க வேண்டும் என்று கடைக்காரர் சொன்னார். பொறுமையாகச் செய்தேன். நான்கு ஆண்டில் பின்டயரில் 9, முன்டயரில் 2 ஆணிகள்தான் கழன்றிருக்கின்றன. அந்தப் பொறுமைக்கு இதில் பங்கு உண்டென்றே நம்புகிறேன்.

வெறும் தாரில் ஓடும்போது தகரக் கூரையில் மழை பெய்வதுபோல் ஒரு சத்தம். முதல் வாரம் எரிச்சலாக இருந்தது. பிறகு அதுவே தகவலாகிவிட்டது: சத்தம் வந்தால் தார், சத்தம் அமுங்கினால் பனி, கறகறவென்று கடித்தால் பனிக்கட்டி. இருட்டில் கண்ணைவிடக் காது முந்திக்கொள்கிறது. வேகம் குறைவதையும் மறைக்க வேண்டியதில்லை. கோடையில் 25 நிமிடத்தில் போகும் தூரத்துக்குக் குளிர்காலத்தில் 35 நிமிடம்.

வாங்க நினைப்பவர்கள் எல்லோரும் மைனஸ் 25-ஐப் பற்றித்தான் கேட்கிறார்கள். உண்மையில் எனக்கு அது சுகமான நாள். கடுங்குளிரில் பனிக்கட்டி வறண்டு கிடக்கும். பனி காலடியில் கீச்சிடும். டயர் கவ்விப் பிடிக்கும். பயப்பட வேண்டியது பூஜ்யத்துக்கு ஒரு பாகை மேலேயும் கீழேயும். அப்போது கட்டியின் மேல் மெல்லிய நீர்ப்படலம் நிற்கிறது, வழுக்கல் உச்சத்துக்குப் போகிறது. அந்த நாளில்தான் 240 ஆணியும் விலைக்கு ஈடு கொடுக்கின்றன. கண்ணாடிபோன்ற கட்டியில் நடப்பவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நகரும்போது நான் நேராக ஓட்டிப் போயிருக்கிறேன். நிறுத்திக் காலை ஊன்றியதும் ஷூ வழுக்கி விழுந்ததும் உண்டு. இப்போது ஷூவுக்கும் ஆணிப் பட்டை மாட்டுகிறேன்.

ஆணியால் ஆகாத காரியமும் இருக்கிறது. வண்டிகள் மிதித்துப் பழுப்பாகி, நாட்டுச் சர்க்கரைபோல் உதிரும் பனியில் ஆணிக்குக் கடிக்க எதுவும் இல்லை, சக்கரம் நீந்தும். பாதி உருகிய கூழுக்கு ஃபின்னியர்கள் சொஹ்யோ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது பகலில் குழைந்து, அதில் பதிந்த டயர்த் தடம் இரவில் கல்லாய் உறைந்தால், அந்தப் பள்ளம் முன்சக்கரத்தைத் தண்டவாளம்போல் பிடித்துக்கொள்ளும். என் இரண்டாவது விழுகை அங்கேதான், ஆணி டயரோடு. தடத்தைக் குறுக்கே வெட்ட முயன்றது என் தப்பு. இப்போது இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறேன், வெட்கமில்லை.

ஓட்டும் முறையில் மாற்றிக்கொண்டது அதிகமில்லை. இருக்கையை இரண்டு விரற்கடை இறக்கினேன், கால் சட்டென்று தரையைத் தொடும். வளைவுக்கு முன்னாலேயே, சைக்கிள் நேராக இருக்கும்போதே பிரேக் பிடித்து முடித்துவிடுவேன். வளைவுக்குள் பிரேக்கும் இல்லை, அழுத்தி மிதிப்பதும் இல்லை. காசு ஒரு டயருக்குத்தான் என்றால் முன்சக்கரத்துக்கு வாங்குங்கள். பின்சக்கரம் வழுக்கினால் சமாளிக்க ஒரு நொடி கிடைக்கும். முன்சக்கரம் அந்த நொடியைத் தராது.

எதிர்பாராத தொல்லை ஃப்ரீவீல், மிதிப்பதை நிறுத்தினாலும் பின்சக்கரத்தைத் தானாக ஓடவிடும் பாகம். பாளையங்கோட்டையில் சைக்கிளை ஓவராய்லிங்குக்கு விட்டால், “அண்ணாச்சி, கிரீஸ் தாராளமா வைங்க” என்று சொல்லிவிட்டு வருவது வழக்கம். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் நானே அள்ளி வைத்தேன். மைனஸ் 27-இல், மெரிகோஸ்கி பாலத்தின் நடுவில், பெடல் சுற்றுகிறது, சைக்கிள் நகரவில்லை. கிரீஸ் இறுகி, உள்ளே இருக்கும் பற்கள் எழும்பாமல் ஒட்டிக்கொண்டன. கடற்காற்று முகத்தில் அறைய மூன்று கிலோமீட்டர் தள்ளினேன். பிறகு கழற்றிக் கழுவி மெல்லிய எண்ணெய் விட்டேன், அதோடு சரி. இன்னொன்று, சைக்கிளை வீட்டுக்குள் வைத்துப் பாசம் காட்டக் கூடாது. உள்ளே உருகும் பனி கேபிள் உறைக்குள் இறங்கி, வெளியே வந்ததும் உறைந்து பிரேக்கைப் பூட்டிவிடும். வெளிக்கொட்டகையின் குளிர்தான் அதற்கு நல்லது. பின்னால் மிதித்தால் நிற்கும் பெடல் பிரேக் இங்கே இன்னும் ஏன் இவ்வளவு புழங்குகிறது என்பது அப்போதுதான் புரிந்தது. அதில் உறைய கேபிளே இல்லை.

டிசம்பரில் பகல் மூன்றரை மணி நேரம்தான். இருட்டில் முன்விளக்கோடு சிவப்புப் பின்விளக்கும் 2020 ஜூன் முதல் சட்டப்படி கட்டாயம். பேட்டரி குளிரில் சீக்கிரம் சோர்ந்துவிடும், அதனால் சைக்கிளை நிறுத்தியதும் விளக்கைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறேன்.

ஏப்ரலைப் பற்றி ஒரு முறையீடு. பனி உருகியதும் குளிர்காலம் முழுக்கத் தூவிய ஜல்லி பாதையில் அப்படியே கிடக்கும். கூட்டி அள்ளும்வரை கூரான சில்லுகள் பஞ்சராக்கும். தடித்த ஆணி டயர் அதைத் தாங்கியது. அவசரப்பட்டுக் கோடை டயருக்கு மாறிய ஆண்டில் ஒரே வாரத்தில் இரண்டு பஞ்சர், மூன்றாம் நாள் பாதையில் மறுபடி பனிக்கட்டி வேறு. இப்போது மே முதல் தேதிக்கு முன் கழற்றுவதில்லை.

வரும் அக்டோபரில் முன்சக்கரத்துக்குப் புது ஆணி டயர் ஒன்று வாங்கப் போகிறேன். இப்போதைய முன்டயர் பின்னால் போகும். அதில் காலியான இரண்டு குழிகளுக்கு மாற்று ஆணி வாங்கிவைத்துவிட்டேன்.