இழுபடும் தண்டுவடம்: ஆபரேஷனா, பொறுத்துப் பார்ப்பதா?

என் மகளுக்கு ஒன்பது வயதில் இந்த முடிவை எடுக்க வேண்டி வந்தது. மேலூரிலிருந்து மதுரைக்கு நாலு மாதம் அலைந்துவிட்டு ஆபரேஷனுக்குச் சம்மதித்தோம். அதனால் நான் எந்தப் பக்கம் என்பது தெரிந்ததுதான்.

தண்டுவடத்தின் நுனியிலிருந்து வால் போல ஒரு மெல்லிய நார் இறங்கும். இவளுக்கு அது தடித்து, கொழுப்பேறி, தண்டுவடத்தைக் கீழேயே பிடித்து வைத்திருந்தது. பிள்ளை வளர வளர தண்டுவடம் இழுபட்டு, காலும் மூத்திரப்பையும் பாதிக்கப்படலாம். பிறந்தபோதே அடிமுதுகில், நட்டநடுவில் ஒரு முடிக்கற்றை இருந்தது. அதிர்ஷ்டம் என்று மாமியார் எண்ணெய் தடவி விடுவார். அது ஓர் அடையாளம் என்று அப்போது எங்களுக்குச் சொல்ல ஆளில்லை.

பொறுத்துப் பார்ப்பதில் மயக்க மருந்து இல்லை, தழும்பு இல்லை, செலவும் குறைவு. எந்தத் தொந்தரவும் இல்லாத பிள்ளைக்கு டாக்டரே அதைச் சொல்லலாம். ஆபரேஷன் என்றால் இடுப்புப் பக்கத்து முதுகெலும்பில் சிறிது திறந்து, நரம்புகளை மின்சாரத்தால் சோதித்தபடி அந்த நாரை வெட்டுவார்கள். பிறகு சில நாள் மல்லாந்தோ குப்புறவோ படுக்கை. தண்டுவட நீர் கசியலாம், கிருமி தொற்றலாம், மறுபடி ஒட்டிக்கொள்ளவும் கூடும்.

எங்களை முடிவெடுக்க வைத்தது மூத்திரப்பைதான். கால் பலம் குறைந்தால் கண்ணுக்குத் தெரியும். இவளுக்கு இடது செருப்பு கழன்று விழும், அவளுக்கே தெரியாது. வலி என்றால் பிள்ளை சொல்லிவிடும். மூத்திரப்பை கெடுவது சத்தமில்லாமல் நடக்கும். பள்ளிக்கூடத்தில் பாவாடை நனைந்து வந்தபோது விளையாட்டுப் புத்தி என்று திட்டினேன். அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது. மூத்திரப்பை எப்படி நிரம்பிக் காலியாகிறது என்று பார்க்கும் யூரோடைனமிக் சோதனையில்தான், போய்விட்டு வந்த பிறகும் உள்ளே நிறைய தங்குவது தெரிந்தது. அப்படித் தங்கினால் சிறுநீரகத்துக்கும் ஆபத்து.

ஆபரேஷனுக்குப் பிறகு வலி பெரும்பாலும் நன்றாகக் குறையும், கால் ஓரளவு தேறும். நெடுநாள் கெட்டுப்போன மூத்திரப்பை திரும்புவதுதான் கடினம். திரும்பாவிட்டால் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை சுத்தமான குழாய் விட்டு எடுக்க வேண்டும். வீட்டில் நான் செய்துவிடுவேன். பள்ளிக்கூடத்தில்? கதவுக்குத் தாழ்ப்பாள்கூட இல்லாத கழிப்பறையில்? பொறுத்திருப்பதன் செலவு எனக்கு அங்கேதான் தெரிந்தது.

இப்போது இரண்டு வருஷம் ஆகிறது. கால்வலி சில வாரத்தில் போயிற்று. மூத்திரம் முழுசாகச் சரியாகவில்லை. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் கடிகாரம் பார்த்துப் போகிறாள். குழாய் தேவைப்படவில்லை. இனிமேல்தான் விறுவிறுவென்று உயரும் வயசு, அதைத் தாண்டினால்தான் நான் நிம்மதியாகச் சொல்ல முடியும். கொழுப்புக் கட்டியே தண்டுவடத்தோடு ஒட்டியிருந்தால் ஆபரேஷன் இன்னும் சிக்கலானது. எங்கள் அனுபவத்தை அதற்கு வைத்துப் பார்க்காதீர்கள்.

பொறுத்துப் பார்க்கலாம் என்று முடிவெடுத்தாலும் யூரோடைனமிக் பற்றி இப்போதே டாக்டரிடம் கேளுங்கள். எத்தனை மணிக்குப் போனாள், எப்போது நனைந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எங்கள் டாக்டர் ஸ்கேன் படத்துக்கு முன்னால் அந்த நோட்டைத்தான் கேட்டு வாங்கினார்.