பிராந்திய விமானமா, தனி ஜெட்டா: ஒரு விமானியின் பணிமாற்றக் கணக்கு

பிராந்திய விமான நிறுவனத்தில் சில ஆண்டுகள் பறந்து, கேப்டன் இருக்கையை நெருங்கிவிட்ட ஒருவருக்குத் தனி ஜெட் நிறுவனத்திலிருந்து அழைப்பு வரும்போது, சம்பளமும் விமானமும்தான் முதலில் கண்ணில் படுகின்றன. எம்ப்ரேயர் 175 விமானத்தில் 41,000 அடியோடு நின்றவர், கல்ஃப்ஸ்ட்ரீம் 650 விமானத்தில் 51,000 அடி வரை ஏறலாம் என்பதும், நான்கே நகரங்களுக்கு இடையே போய் வந்தவர் கடல் தாண்டிப் பறக்கலாம் என்பதும் உண்மையான ஈர்ப்புகள்தாம். அவற்றை அற்பம் என்று ஒதுக்க முடியாது. ஆயினும், இவ்விரு வேலைகளையும் எடைபோட வேண்டிய முதன்மையான அளவுகோல் வேறு என்பது என் கருத்து: வானிலை மோசமாகவோ உடல் களைத்தோ இருக்கும் ஒரு மாலையில், "இன்று புறப்பட முடியாது" என்று விமானி சொன்னால், அவருக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள்?

இந்தக் கேள்வி மிகக் கூர்மையாக எழும் நாடு அமெரிக்கா. பெரிய நிறுவனங்களுக்காகச் சிறிய விமானங்களை இயக்கும் பிராந்திய நிறுவனங்களும், மிகப் பெரிய தனி ஜெட் துறையும் அங்கே அருகருகே இருந்து ஒரே விமானிகளுக்காகப் போட்டியிடுகின்றன. எனவே அந்நாட்டு விதிகளையே இங்கு அடிப்படையாகக் கொள்கிறேன்.

முதலில் ஒரு தெளிவு தேவை. இத்தகைய பிராந்திய நிறுவனங்கள் அனைத்தும் 'பார்ட் 121' என்ற ஒரே விதித்தொகுப்பின்கீழ் இயங்குகின்றன. தனி ஜெட் என்று நாம் ஒரே பெயரில் அழைப்பதோ மூன்று வெவ்வேறு வேலைகள். ஒரு தொழில் நிறுவனமோ செல்வந்தரோ சொந்த விமானத்தை வைத்துக்கொண்டு விமானிகளை நேரடியாக அமர்த்துவது முதல் வகை. அது 'பார்ட் 91' விதிகளில் அடங்கும். கட்டணம் வாங்கிக்கொண்டு விமானத்தை வாடகைக்கு விடும் சார்ட்டர் நிறுவனம் இரண்டாம் வகை. அதற்கு 'பார்ட் 135'. ஒரு விமானத்தின் பங்குகளைப் பலருக்கு விற்று, அவர்களுக்காக அதை இயக்கும் பங்குரிமை நிறுவனம் மூன்றாம் வகை. பின்னாளில் நெட்ஜெட்ஸ் என்று பெயர் பெற்ற நிறுவனம் 1986இல் தொடங்கிய இம்முறைக்கு, 'பார்ட் 91'க்குள் 'கே' என்ற தனி உட்பிரிவே உண்டு. இம்மூன்றில் எதற்கு மாறுகிறோம் என்பதைக் கேட்காமல் "தனி ஜெட்டுக்குப் போகலாமா" என்று கேட்பது, பாதிக் கேள்வியோடு நிற்பதாகும்.

பிராந்திய நிறுவனத்தில் ஒரு விமானியின் வாழ்க்கையைத் தீர்மானிப்பது பணிமூப்புப் பட்டியல். அவர் சேர்ந்த நாளே எந்த ஊரைத் தளமாகக் கொள்வார், எந்த நாள்களில் விடுப்பு பெறுவார், எப்போது கேப்டனாவார் என்பதையெல்லாம் முடிவு செய்கிறது. திறமைக்கு இதில் இடமில்லையே என்ற குறை நியாயமானதுதான். ஆனால் மேலதிகாரியின் விருப்பு வெறுப்புக்கும் இதில் இடமில்லை என்பதை மறந்துவிடக் கூடாது. என்வாய், பீட்மான்ட், பிஎஸ்ஏ போன்ற நிறுவனங்களில், பட்டியலில் முன்னேறியவர்கள் தாய் நிறுவனமான அமெரிக்கன் ஏர்லைன்ஸுக்கு நகர்வதற்கு ஒப்பந்த வழியும் உண்டு.

இந்தப் பட்டியலின் பலவீனம் எதில் இருக்கிறது என்றால், பட்டியலுக்கு உரிய நிறுவனமே சொந்தக் காலில் நிற்பதில்லை என்பதில்தான். பிராந்திய விமானங்களில் பெரும்பாலானவை பெரிய நிறுவனங்களின் பெயரையும் வண்ணத்தையும் தாங்கி, அவற்றோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின்பேரில் பறக்கின்றன. டிக்கெட் விற்பதும் வழித்தடத்தைத் தீர்மானிப்பதும் பெரிய நிறுவனமே. அதன் விமானிகள் சங்கம் செய்துகொண்ட உடன்பாடுகள், பிராந்திய விமானங்களைப் பொதுவாக 76 இருக்கை, 86,000 பவுண்டு எடை என்ற வரம்புக்குள் நிறுத்தி வைத்திருக்கின்றன. ஒப்பந்தம் போனால் நிறுவனமும் போகும். 2020இல் காம்பஸ், டிரான்ஸ் ஸ்டேட்ஸ் ஆகிய இரண்டும் மூடப்பட்டபோது, அங்கே ஆண்டுக்கணக்கில் சேர்த்துவைத்த பணிமூப்பு ஒரே நாளில் மதிப்பிழந்தது. வேறு நிறுவனத்தில் சேர்ந்தவர்கள் பட்டியலின் அடியிலிருந்துதான் தொடங்க வேண்டியிருந்தது.

தனி ஜெட் பக்கம் நிலைமை இதைவிட உறுதியானது என்று சொல்வதற்கில்லை. 2008 நவம்பரில், அரசின் உதவி கேட்டு வாஷிங்டனுக்கு வந்த கார் நிறுவனத் தலைவர்கள் தனி ஜெட்களில் வந்திறங்கியது பெரும் கண்டனத்துக்கு உள்ளானது. அந்தப் பொருளாதாரச் சரிவில் பல தொழில் நிறுவனங்கள் விமானங்களை விற்று, விமானிகளை அனுப்பிவிட்டன. பெருந்தொற்றுக் காலத்திலோ கூட்டத்தைத் தவிர்க்க விரும்பியவர்கள் திரண்டு வந்ததால் தனி ஜெட் துறை வேகமாக வளர்ந்தது. ஒரே ஒரு விமானத்தை வைத்திருக்கும் உரிமையாளரிடம் வேலை பார்ப்பவரின் நிலை இன்னும் நுட்பமானது. உரிமையாளர் இறக்கலாம், தொழிலை விற்கலாம், அல்லது விமானம் இனி வேண்டாம் என்று முடிவெடுக்கலாம். அத்துடன் வேலை முடிந்தது. இவற்றுக்கு எதிராக அந்த விமானிக்குச் சங்கமும் இல்லை, மூப்பும் இல்லை.

அன்றாட வேலையைப் பார்த்தால், இவை இரண்டும் ஒரே தொழில்தானா என்ற ஐயம் எழும். பிராந்திய விமானி ஒரு நாளில் நான்கு ஐந்து முறை ஏறி இறங்குவார். ஆனால் பறத்தலைத் தவிர மற்ற பெரும்பாலான வேலைகளைப் பிறர் பார்த்துக்கொள்வார்கள். பாதையையும் எரிபொருளையும் வானிலையையும் தரையில் இருக்கும் டிஸ்பாட்சர் கணக்கிடுகிறார். புறப்படலாம் என்ற முடிவுக்குச் சட்டப்படி அவரும் கேப்டனும் கூட்டாகப் பொறுப்பு. தனி ஜெட்டில், குறிப்பாகச் சிறிய நிறுவனங்களில், விமானியே பெட்டிகளை ஏற்றுவார், எரிபொருளுக்கும் உணவுக்கும் சொல்லிவைப்பார், பயணி இறங்கிய பிறகு இருக்கைகளைத் துடைத்து ஒழுங்குசெய்வார், பயணி திரும்பும் வரை மணிக்கணக்கில் காத்திருப்பார். இதை இழிவாக நினைப்பவர் இந்த வேலைக்குப் போகாமலிருப்பதே நல்லது. பயணியின் பெயரறிந்து, அவருடைய தேவையறிந்து, ஒரு பயணத்தை முதலிலிருந்து கடைசிவரை தன் கையால் நடத்திக்கொடுப்பதில் நிறைவு காண்பவருக்கோ, கதவை மூடிக்கொண்டு பறக்கும் விமான நிறுவன வேலை வறண்டதாகத் தோன்றும்.

பறக்கும் திறன் வளர்வதும் இரண்டிலும் ஒரே மாதிரி இல்லை. அமெரிக்காவில் பொதுப் பயன்பாட்டுக்கு உரிய விமான நிலையங்கள் ஏறத்தாழ 5,000 உள்ளன. விமான நிறுவனங்களின் சேவை பெறுபவை அவற்றில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே. மீதி அனைத்தும் தனி ஜெட்டின் எல்லைக்குள் வரும். இதனால் மலைக்கு நடுவிலுள்ள ஓடுபாதை, குறுகிய ஓடுபாதை, கட்டுப்பாட்டுக் கோபுரமே இல்லாத நிலையம் என்று அனுபவம் அகலமாகிறது. அதே சமயம் ஆண்டுக்குப் பறக்கும் நேரம் பெரும்பாலும் குறைகிறது. நிறைய இடங்களுக்குக் கொஞ்சமாகப் பறப்பதும், சில இடங்களுக்கு ஓயாமல் பறப்பதும் இருவேறு பயிற்சிகள்.

களைப்பு பற்றிய விதிகளில் உள்ள வேறுபாடு பலருக்கு வியப்பளிக்கும். விமான நிறுவன விமானிகளுக்கு 2014 முதல் நடப்பிலிருக்கும் 'பார்ட் 117' விதிகளின்படி, வழக்கமான இருவர் குழு ஒரு பணிநாளில் 8 அல்லது 9 மணி நேரமும், ஒருவர் 365 நாள்களில் 1,000 மணி நேரமுமே பறக்கலாம். பணிக்கு முன் 10 மணி நேர ஓய்வு கட்டாயம். சார்ட்டரில் இரு விமானிகள் இருந்தால் 24 மணி நேரத்துக்குள் 10 மணி நேரமும், ஆண்டுக்கு 1,400 மணி நேரமும் பறக்கலாம். சொந்த விமானத்தை இயக்கும் 'பார்ட் 91' வேலையிலோ இத்தகைய உச்சவரம்பே கிடையாது; நல்ல நிறுவனங்கள் தாமாகவே வகுத்துக்கொள்கின்றன, மற்றவை வகுப்பதில்லை.

ஆனால் விதிப்புத்தகத்தில் உள்ள ஓய்வு விமானியின் படுக்கை வரை வந்து சேருகிறதா என்பது வேறு விஷயம். 2009 பிப்ரவரி 12 அன்று பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏரின் பிராந்திய விமானம் விழுந்து, தரையில் இருந்த ஒருவர் உட்பட 50 பேர் இறந்தனர். அதன் துணை விமானி, நாட்டின் மறுகோடியிலிருந்த சியாட்டிலிலிருந்து முந்தைய இரவு முழுவதும் வேறு விமானங்களில் பயணம் செய்து தம் தளத்துக்கு வந்திருந்தார். வீட்டிலிருந்து தளத்துக்கு வரும் பயணம் விமானியின் சொந்த நேரமாகவே கருதப்படுகிறது. சம்பளமில்லை, பணிநேரக் கணக்கிலும் சேராது. பெரிய பங்குரிமை நிறுவனங்கள் இந்த ஓர் இடத்தில் தெளிவாக முந்துகின்றன. ஏழு நாள் பணி, ஏழு நாள் வீடு என்பது போன்ற முறையில், வீட்டுக்கு அருகிலுள்ள விமான நிலையத்துக்கு விமானி வந்ததும் பணி தொடங்கிவிடுகிறது. அங்கிருந்து டிக்கெட் போட்டு அழைத்துச் செல்வது நிறுவனத்தின் பொறுப்பு. குடும்பத்தை நகர்த்த விரும்பாதவருக்கு இது சம்பள உயர்வைவிடப் பெரிய கொடை. சிறிய சார்ட்டர் நிறுவனங்களில் இதற்கு நேரெதிர் நிலையைக் காணலாம். எப்போது தொலைபேசி ஒலிக்கும் என்று தெரியாமல் ஓய்வு நாளையும் பாதி வேலை நாளாகக் கழிக்க நேரும்.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருகிறேன். 2001 மார்ச் 29 அன்று ஆஸ்பென் நகருக்குச் சென்ற ஒரு சார்ட்டர் கல்ஃப்ஸ்ட்ரீம் 3 விமானம், ஓடுபாதைக்கு அருகே மலைச்சரிவில் மோதி 18 பேரும் இறந்தனர். பயணிகள் தாமதமாக வந்ததால் புறப்பாடு தள்ளிப்போய், அந்தி மங்கும் நேரத்தில், பனிப்பொழிவுக்கு நடுவே இறங்க வேண்டியதாயிற்று. வேறு ஊரில் இறங்க நேரலாம் என்பதை விமானத்தை வாடகைக்கு எடுத்தவர் விரும்பவில்லை. அவர் தரப்பிலிருந்து கேப்டன்மீது இருந்த நெருக்கடியையும் விபத்துக்குப் பங்களித்த காரணங்களில் ஒன்றாக அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பதிவு செய்தது. விமான நிறுவனத்தில் 76 பயணிகள் கோபப்பட்டாலும் அந்தக் கோபம் கதவுக்கு வெளியே நின்றுவிடும். தனி ஜெட்டில் கோபப்படுபவர் பத்தடி தூரத்தில் அமர்ந்திருக்கிறார். பல சமயம் சம்பளம் தருபவரும் அவரே.

யாரும் கண்காணிக்காத இடத்தில் ஒழுங்கு மெல்லத் தளர்வதும் இதே அளவுக்கு அஞ்ச வேண்டியது. 2014 மே 31 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பெட்ஃபோர்டில் ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம் 4 விமானம், தரையில் நிற்கும்போது இறக்கையிலும் வாலிலும் உள்ள இயக்கப் பரப்புகள் காற்றில் அசையாதிருக்கப் போடும் பூட்டை அகற்றாமலே புறப்பட முயன்று எரிந்தது. ஏழு பேர் மடிந்தனர். ஆண்டுக்கணக்கில் ஒன்றாகவே பறந்து வந்த அந்த இரு விமானிகளும், அதற்கு முந்தைய 175 புறப்பாடுகளில் 98 விழுக்காட்டில், இயக்கப் பரப்புகளை முழுமையாகச் சோதிக்கவே இல்லை என்று விசாரணை காட்டியது. ஒவ்வொரு முறையும் புதிய துணையோடு பறக்க நேரும் விமான நிறுவனத்தில் இத்தகைய பழக்கம் இத்தனை காலம் மறைந்திருக்க வாய்ப்பு குறைவு. எனவே, நேர்காணலுக்குச் செல்பவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இங்கே கடைசியாக ஒரு கேப்டன் பறக்க மறுத்தது எப்போது, அதன்பின் என்ன நடந்தது? இதற்குத் தயங்காமல் பதில் சொல்ல முடியாத நிறுவனத்தில், எவ்வளவு அழகான விமானம் நின்றாலும் சேர வேண்டாம் என்றே சொல்வேன்.

சம்பளத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விமானிப் பற்றாக்குறையால் 2022இல் பிராந்திய நிறுவனங்கள் ஊதியத்தைப் பெரிதும் உயர்த்தின. முன்பிருந்த இடைவெளி இப்போது இல்லை. தனி ஜெட் வேலைகளில் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபாடு மிகுதி. புதிய ரக விமானத்துக்கான பயிற்சிச் செலவை நிறுவனம் ஏற்றுக்கொண்டு, குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தம் கேட்பதுண்டு. கையெழுத்துக்கு முன் அந்தக் காலத்தையும் தொகையையும் படித்துக்கொள்ள வேண்டும்.

திரும்பி வரும் வழி திறந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். விமான நிறுவனத்தில் 65 வயதுக்கு மேல் பறக்க முடியாது. தொழில் நிறுவனத்தின் சொந்த விமானத்துக்கு அந்த வரம்பு இல்லை என்பதால், ஐம்பதுகளில் இருப்பவருக்கு மாற்றம் சில கூடுதல் ஆண்டுகளைத் தரக்கூடும். முப்பதுகளில் இருப்பவரின் கணக்கு வேறு. 'பார்ட் 121' நிறுவனத்தில் கேப்டனாக அமர, அத்தகைய நிறுவனத்தில் துணை விமானியாக 1,000 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். பங்குரிமை நிறுவனத்திலும் சில சார்ட்டர் பணிகளிலும் கேப்டனாகப் பறந்த நேரமும் இக்கணக்கில் சேரும். தனி உரிமையாளரின் 'பார்ட் 91' விமானத்தில் பறந்த நேரம் எத்தனை ஆயிரமானாலும் சேராது. ஆகவே 850 மணி நேரத்தில் நிற்கும் துணை விமானிக்கு அழைப்பு வந்தால், சேரும் தேதியை இரண்டு மூன்று மாதம் தள்ளிக் கேட்டு, மீதி 150 மணி நேரத்தை முடித்துக்கொண்டு கிளம்புவதே நல்லது.