பி.எஸ்சி. எம்.எல்.டி. சீட் என்று சொல்லி 85,000 ரூபாய் போச்சு, பார்த்துச் சேருங்கள்

ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை, கோர்வையாக இருக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தங்கைக்கு லேப் டெக்னீஷியன் ஆக வேண்டும் என்று ஆசை, அதற்கான படிப்புதான் பி.எஸ்சி. எம்.எல்.டி. (மெடிக்கல் லேப் டெக்னாலஜி). பிளஸ் டூ முடித்துப் பாராமெடிக்கல் கவுன்சிலிங்குக்கு விண்ணப்பித்துவிட்டு ரேங்க் லிஸ்டுக்காகக் காத்திருந்தபோதுதான், பஸ் ஸ்டாண்ட் எதிரில் மாடியில் இருக்கும் ஒரு அட்மிஷன் கன்சல்டன்சியிலிருந்து போன் வந்தது. எங்கள் நம்பர் அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று யாரும் கேட்கவில்லை, நான் உட்பட.

அம்மா செருப்பை வாசலில் விட்டதைப் பார்த்து, "போட்டுக்கிட்டே வாங்கம்மா, நம்ம வீடு மாதிரி" என்றார் அந்த ஆள். டீ வரவழைத்தார். அப்புறம் மெதுவாக, "இவ மார்க்குக்கு கவுன்சிலிங்ல கிடைக்காது, கிடைச்சாலும் எங்கயோ தூரத்துல போடுவாங்க, பொம்பளப் பிள்ளைய அனுப்புவீங்களா?" அம்மாவின் முகம் மாறியது. அங்கேயே விழுந்துவிட்டோம். (கவுன்சிலிங்கில் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதே நாம்தான் என்பது காசு போன பிறகுதான் உறைத்தது.) வளையலை அடகு வைத்து 85,000 ரூபாய், அதுவும் கல்லூரிக் கணக்குக்கு இல்லை, அவருடைய சொந்த ஜிபே நம்பருக்கு. டிசி, மார்க்‌ஷீட் இரண்டையும் "வெரிஃபிகேஷனுக்கு" என்று அசலாகவே வாங்கிக்கொண்டார்.

அவர் சேர்த்துவிட்ட கல்லூரிக்கு வகுப்பு என்று போனால் இரண்டு மைக்ராஸ்கோப், ஓடாத சென்ட்ரிஃப்யூஜ் ஒன்று. பரீட்சையை எந்தப் பல்கலைக்கழகம் நடத்தும் என்று தங்கை கேட்டதற்கு யாரும் வாய் திறக்கவில்லை. டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிப் பட்டியலில் தேடினேன், அந்தக் கல்லூரியின் பெயரே இல்லை. அங்கே இந்தப் படிப்பு மூன்று வருடம், அப்புறம் ஒரு வருடம் இன்டர்ன்ஷிப். இவர்கள் தரப்போவதோ ஏதோ ஒரு டிரஸ்ட் பெயரில் அச்சடித்த காகிதம். ரசீதில் "அரசு பதிவு பெற்றது" என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. பதிவானது டிரஸ்ட், படிப்பு இல்லை! நான்தான் அதைப் படித்துக் காட்டி அம்மாவைச் சமாதானப்படுத்தினேன், அதுதான் வயிற்றெரிச்சல்.

பணத்தைக் கேட்டால் "சார் மீட்டிங்ல இருக்கார்", "சார் பெங்களூர் போயிருக்கார்". வாட்ஸ்அப்பில் ப்ளூ டிக் விழும், பதில் வராது. நேரில் போய்க் கத்தியதும், 85,000-மும் "சேவைக் கட்டணம், ரீஃபண்ட் கிடையாது" என்று ரசீதைத் திருப்பிக் காட்டினார்கள், பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிறது. சர்டிஃபிகேட் வேண்டுமென்றால் மீதி வருடத்துக்கும் கட்ட வேண்டுமாம். கவுன்சிலிங்கும் அதற்குள் முடிந்துபோனது.

விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. பல்கலைக்கழகப் பட்டியலில் கல்லூரியின் பெயரை நீங்களே பாருங்கள், அவர்கள் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள். நர்சிங் என்றால் நர்சிங் கவுன்சில் பட்டியலையும் பாருங்கள். தனி ஆள் நம்பருக்குப் பணம் போடாதீர்கள். அசலைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

போலீஸில் மனு கொடுத்திருக்கிறோம். சிஎஸ்ஆர் ரசீது (மனுவை வாங்கிக்கொண்டதற்குப் போலீஸ் தரும் ரசீது) நாளைக்கு வாங்கிக்கலாம் என்று சொல்லி மூன்று நாள் ஆகிறது, இப்போது மறுபடி கிளம்புகிறேன்.