மும்பை சயான் பக்கத்துப் பிரசவ ஆஸ்பத்திரி: ஹெபடைடிஸ் பி உள்ள தாய்மார்களுக்காக ஒரு விமர்சனம்

என் தங்கச்சிக்கு இங்கேதான் குழந்தை பிறந்தது. அவளுக்கு ஹெபடைடிஸ் பி, அதாவது ஈரலைத் தாக்கும் வைரஸ் கிருமி இருக்கிறது. அதனால்தான் ஆஸ்பத்திரி பெயரை எழுதவில்லை. தாராவியில் பாதிப் பேர் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள், ஒரு தெருவில் சொன்னது மறு தெருவுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். சயான் ஸ்டேஷனிலிருந்து நடந்தே போகலாம், சின்ன இடம் என்பது போதும்.

முதலில் காட்டிய கிளினிக்கில் ரத்த ரிப்போர்ட் பாசிட்டிவ் என்றதுமே, டெலிவரிக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். இங்கே டாக்டரம்மா முதலில் தங்கச்சியை உட்காரவைத்துப் பேசினார். இந்தக் கிருமி பெரும்பாலும் பிரசவ நேரத்தில்தான் அம்மாவிடமிருந்து குழந்தைக்குப் போகிறதாம். பெரியவர்களுக்கு வந்தால் அநேகம் பேருக்குத் தானே போய்விடும். பிறக்கும்போது தொற்றினாலோ பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு நிரந்தரமாகத் தங்கிவிடும், பிற்காலத்தில் ஈரல் கெட்டுப்போகலாம். ஆனால் தடுக்க வழி இருக்கிறது என்று அடுத்த மூச்சிலேயே சொன்னார். அப்போதுதான் அவள் அழுகையை நிறுத்தினாள்.

ரத்தத்தில் கிருமி எவ்வளவு என்று டி.என்.ஏ. டெஸ்ட் எடுத்தார்கள். ஒரு மில்லிக்கு 2 லட்சம் யூனிட்டுக்கு மேல் இருந்ததால் 28-வது வாரத்திலிருந்து கிருமியைக் குறைக்கும் டெனோஃபோவிர், தினம் ஒரு மாத்திரை. இதற்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை என்றார்கள், சுகப்பிரசவம்தான் ஆனது.

நான் இந்த இடத்துக்கு மார்க் போடுவது அந்த ராத்திரிக்காகத்தான். ஞாயிற்றுக்கிழமை, நடுநிசி தாண்டிப் பிறந்தான் பிள்ளை. குழந்தைக்கு இரண்டு ஊசி போட வேண்டும்: ஒன்று தடுப்பூசி, இன்னொன்று இம்யூனோகுளோபுலின், அதாவது கிருமியை உடனே எதிர்க்கும் ஆயத்த எதிர்ப்புச் சக்தி. இரண்டும் 12 மணி நேரத்துக்குள், வேறு வேறு தொடையில். இரண்டாவது ஊசி விலை அதிகம், எல்லா மெடிக்கலிலும் கிடைக்காது. அந்த நேரத்தில் சீட்டைக் கொடுத்து வாங்கி வரச் சொன்னால் மாப்பிள்ளை எங்கே போய் அலைவார்? இவர்கள் ஒன்பதாம் மாதமே பணம் வாங்கி, மருந்தை வரவழைத்து, தங்கச்சி பெயர் எழுதி ஃப்ரிட்ஜில் வைத்திருந்தார்கள். பிரசவ அறையை விட்டு வெளியே வருவதற்குள் இரண்டு ஊசியும் போட்டாகிவிட்டது.

மறுநாள் மாமியார் தாய்ப்பால் வேண்டாம், பவுடர் பால் கொடுக்கலாம் என்று பிடிவாதம் பிடித்தார். தமிழ் பேசும் சிஸ்டர் ஒருவர் வந்து, "ஊசி போட்டாச்சும்மா, தாராளமா பால் கொடுக்கலாம். ஒரே தட்டுல சாப்பிட்டாக்கூட இது ஒட்டாது" என்று பொறுமையாக விளக்கினார். மாப்பிள்ளைக்கும் ரத்தம் பார்த்து, நெகட்டிவ் என்றதும் மூன்று தவணைத் தடுப்பூசியை ஆரம்பித்துவைத்தார்கள்.

குறை ஒன்று, அது சின்னக் குறை இல்லை. ஃபைல் அட்டை மேலேயே சிவப்பு மையில் கொட்டை எழுத்தில் நோயின் பெயரை எழுதிவிடுகிறார்கள். வரிசையில் நின்ற எல்லாரும் படித்தார்கள். கவுன்ட்டரில் இருந்த பையன் அதைச் சத்தமாக வேறு வாசித்தான். உள்பக்கத்தில் எழுதினால் டாக்டருக்குத் தெரியாமல் போய்விடுமா? புகார் நோட்டில் எழுதியிருக்கிறேன்.

கட்டணம் எங்களைப் போன்றவர்களுக்குக் கொஞ்சம் கனம்தான். முடியாதவர்கள் பெரிய அரசு ஆஸ்பத்திரியில் கேளுங்கள். 2018-ல் தொடங்கிய தேசிய ஹெபடைடிஸ் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். எங்கே பதிவு செய்தாலும், "ராத்திரியில் பிறந்தாலும் அந்த இரண்டாவது ஊசி கைவசம் இருக்குமா?" என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

6, 10, 14 வாரத் தடுப்பூசிகளும் இங்கேயே போட்டோம். பிள்ளைக்கு ஒன்பது மாதம் முடிந்தபின்தான் ரத்தம் எடுக்க வேண்டும், அதற்கு முன் எடுத்தால் சரியாகத் தெரியாது என்று சொல்லி, தேதி வந்ததும் அவர்களே போன் செய்து கூப்பிட்டார்கள். ரிசல்ட் நெகட்டிவ், எதிர்ப்புச் சக்தியும் நன்றாக வந்திருக்கிறது. ஐந்துக்கு நாலு ஸ்டார். அட்டையில் எழுதுவதை நிறுத்தினால் அந்த ஐந்தாவதையும் வந்து போடுகிறேன்.