கூன் மஹசீரும் நீலத்துடுப்பு மஹசீரும்

காவிரியில் மஹசீர் என்றால் ஒரே மீன் இல்லை, இரண்டு. இரண்டும் கெண்டைக் குடும்பம்தான், வாயோரம் மீசையும் உண்டு.

அடையாளம் முதுகில் இருக்கிறது. கூன் மஹசீருக்குத் தலை முடிந்ததுமே முதுகு மேடாக எழும்பும், துடுப்புகளில் ஆரஞ்சு ஓடும். மற்றதற்கு அந்தக் கூன் இல்லை. துடுப்பு நீலச் சாம்பல்.

எடையில் கூன் மஹசீர்தான் ராஜா. 1946இல் கபினியில் சிக்கியது 120 பவுண்டு, ஏறக்குறைய 54 கிலோ! ஆனால் இது காவிரிப் படுகையை விட்டால் வேறெங்கும் இல்லாத மீன். டோர் ரெமாதேவியி என்ற அறிவியல் பெயர் இதற்குத்தான் என்று உறுதியானதே 2018இல். அதே ஆண்டு மிக அருகிய இனம் என்ற பட்டியலிலும் ஏறிவிட்டது. நம் பக்கம் மோயாற்றில் இன்னும் இருக்கிறது.

நீலத்துடுப்பு, அதாவது டோர் குத்ரீ, புனே பக்கத்து ஆற்றிலிருந்து 1839இல் விவரிக்கப்பட்டது. லோனாவாலா பொரிப்பகத்துக் குஞ்சுகளைக் காவிரியில் விட்டார்கள், நல்லெண்ணத்தில்தான். அது பெருகியது, ஊர்க்காரனான கூன் மஹசீர் ஒதுங்கிப்போனான்.

தூண்டிலுக்கு எது என்றால் நீலத்துடுப்பு போதும். கூன் முதுகு தெரிந்தால், சரி, கொக்கியைக் கழற்றித் தண்ணீரிலேயே விட்டுவிடுங்கள்.