கலிபோர்னியா தலைநகர் சாக்ரமெண்டோல கவர்மெண்ட் வேலை: இன்ஷூரன்ஸ் டிபார்ட்மெண்டா, டிஎம்ஹெச்சியா, மெடி-கால் பக்கமா?

எம்பிஹெச் (பப்ளிக் ஹெல்த் மாஸ்டர்ஸ்) முடிச்ச சித்தி பொண்ணு போன வாரம் கேட்டா, "அண்ணா, ஹெல்த் பாலிசில வேலை பாக்கணும், கலிபோர்னியா இன்ஷூரன்ஸ் டிபார்ட்மெண்டுக்கு அப்ளை பண்ணிரவா?"ன்னு. பேர வச்சு பாத்தா சரியாதான் தோணும், ஆனா அங்கதான் நிறைய பேரு ஏமாந்துர்றாங்க.

நம்ம ஊர்ல இன்ஷூரன்ஸ்னா மொத்தமும் ஹைதராபாத்ல இருக்குற ஐஆர்டிஏஐங்கற ரெகுலேட்டர் கையில. அமெரிக்கால பழைய காலத்துலேர்ந்தே அந்தந்த மாநிலம்தான், 1945ல மெக்கரன்-ஃபெர்குசன் சட்டம் அத உறுதி பண்ணிருச்சு. கலிபோர்னியா இன்னும் ஒரு படி மேல போய் ஹெல்த்துக்கு மட்டும் ரெண்டு ரெகுலேட்டர் வச்சுருக்கு: ஒண்ணு இன்ஷூரன்ஸ் டிபார்ட்மெண்ட், இன்னொண்ணு டிஎம்ஹெச்சி, அதாவது டிபார்ட்மெண்ட் ஆஃப் மேனேஜ்ட் ஹெல்த் கேர்.

இன்ஷூரன்ஸ் டிபார்ட்மெண்ட்ல கமிஷனரே ஓட்டு வாங்கி ஜெயிச்சு வர்றவர், 1988ல மக்களே ஓட்டு போட்டு கொண்டு வந்த ப்ரொபசிஷன் 103ங்கற சட்டத்தோட ஏற்பாடு அது. கார், வீடு ரேட்ட ஏத்தணும்னா கம்பெனி முன்னாடியே அனுமதி வாங்கணும், அந்த பைல்தான் அங்க உயிர்நாடி. 2025 ஜனவரில லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் தீ புடிச்சதுக்கப்புறம் கேக்கவே வேண்டாம், பேச்செல்லாம் வீட்டு பாலிசிதான். ஆக்சுவரி, லா, மோசடி விசாரணை இதுல ஆசை இருந்தா அருமையான இடம், போலீஸ் அதிகாரத்தோட டிடெக்டிவ் வேலையே இருக்கு. ஹெல்த்துங்கறது அங்க ஒரு ஓரம்தான்.

டிஎம்ஹெச்சிதான் ஹெல்த்துக்கு நிஜமான ரெகுலேட்டர். ஹெல்த் பிளான்கள கட்டுப்படுத்துற 1975 நாக்ஸ்-கீன் சட்டத்த அமல்படுத்த 2000ல தனியா ஆரம்பிச்சது, இதுக்கு டைரக்டர கவர்னர் போடுவாரு, ஏறக்குறைய 3 கோடி பேரோட பிளான் இதுக்கு கீழ வருது. ஒரு அம்மாவுக்கு டாக்டர் எம்ஆர்ஐ எழுதி குடுத்துருப்பாரு, பிளான் "மருத்துவ ரீதியா அவசியமில்ல"ன்னு ஒரு வரி லெட்டர் அனுப்பும், முதல்ல பிளான்கிட்டயே புகார், அங்கயும் இல்லன்னுட்டா இங்க வந்து ஐஎம்ஆர்ங்கற தனி மருத்துவ மறுஆய்வு கேக்கலாம், பிளானோட சம்பந்தமே இல்லாத டாக்டர்ங்க பைல பாத்து முடிவு சொல்லுவாங்க, பிளான் அதுக்கு கட்டுப்பட்டே ஆகணும். இந்த மாதிரி பைல் ஒரு நூறு பாத்தா சட்டம் எங்க ஓட்டையா இருக்குன்னு எந்த கிளாஸும் சொல்லித்தராத அளவுக்கு புரிஞ்சுரும்.

ஆனா பல்லில்லாத இடமும் இருக்கு. ஹெல்த் பிரீமியம் ஏத்தினா "நியாயமில்ல"ன்னு அறிவிக்கலாம், தடுக்க முடியாது, ரெண்டு ரெகுலேட்டருக்கும் இதே கதி. அப்புறம் நம்ம ஐடி ஆளுங்க கேஸு. பெரிய கம்பெனில வேலை பாக்குறவங்க பாதிப்பேருக்கு மேல கம்பெனியே கிளைம் பணம் போடுற செல்ஃப்-ஃபண்டட் பிளான்தான், கார்டுல பெரிய இன்ஷூரன்ஸ் பேரு இருக்கும், அதுக்கு பேப்பர் வேலை மட்டும்தான். 1974 எரிசா சட்டப்படி அது ஃபெடரல் சமாச்சாரம், மாநிலம் கைய வைக்க முடியாது. அழுதுட்டே போன் பண்றவங்ககிட்ட இத சொல்ற தைரியமும் வேணும்.

மூணாவது டிஹெச்சிஎஸ், குறைஞ்ச வருமானக்காரங்களுக்கான அரசு ஹெல்த் இன்ஷூரன்ஸான மெடி-கால நடத்துற டிபார்ட்மெண்ட். இது கண்காணிக்கிற இடம் இல்ல, காசு குடுக்கிற இடம், மாநிலத்துல மூணுல ஒருத்தருக்கு மேல இதுல இருக்காங்க. பாலிசின்னு புத்தகத்துல படிச்சது எல்லாம் இங்கதான் நடக்குது, ஆனா பட்ஜெட்டோட கட்டிப்போட்டு நடக்குது, ஜனவரில கவர்னர் பட்ஜெட், மே மாசம் திருத்தம், ஜூன் 15க்குள்ள சட்டசபை பாஸ் பண்ணணும், அந்த அஞ்சு மாசமும் வீட்ல ஆள பாக்க முடியாது. வாஷிங்டன் தும்மினா இங்க காய்ச்சல் வேற, 2025 ஜூலைல கையெழுத்தான சட்டத்தால 2027லேர்ந்து மெடி-கால்ல இருக்குற வயசு வந்தவங்கள்ல ஒரு பகுதி மாசம் 80 மணி நேரம் வேலையோ அதுக்கு சமமானதோ காட்டணும், அத நடைமுறைப்படுத்துறதே ஒரு படை வேலை.

சம்பளத்த வச்சு தேர்ந்தெடுக்க முடியாது, ஏஜிபிஏங்கற அனலிஸ்ட் பதவின்னா எந்த டிபார்ட்மெண்ட்லயும் அதே ஸ்கேல்தான். பென்ஷனும் ஒண்ணுதான், 5 வருஷம் இருந்தா உரிமை வரும். ஃபெடரல் படிப்பு லோன் இருக்கவங்களுக்கு இங்க வேலை பாத்துக்கிட்டே 120 தவணை ஒழுங்கா கட்டினா மீதி தள்ளுபடி, அது மூணுக்கும் பொது. பல வேலை நோட்டீஸ்லயே விசா ஸ்பான்சர் கிடையாதுன்னு போட்ருப்பாங்க, இவகிட்ட கிரீன் கார்டு இருக்கு, தப்பிச்சா.

என்னைக் கேட்டா முதல் ரெண்டு மூணு வருஷம் டிஎம்ஹெச்சி, அப்புறம் மெடி-கால் பக்கம் தாவு. தனி மனுஷனோட பைல தொட்டுப் பாக்காம பாலிசி எழுத வர்றவங்கள எனக்கு கொஞ்சம் பயம்.

ஏஜிபிஏ எக்ஸாம ஆன்லைன்லயே முடிச்சுட்டா, ரேங்க்கும் நல்லா வந்துருக்கு. இப்ப தகுதி விளக்கம் எழுதிட்டு இருக்கா, ஏரியல் 12, ரெண்டு பக்கத்துக்கு மேல போனா படிக்காமயே ஒதுக்கிருவாங்க. நேத்து நைட்டு அனுப்பினா, மூணே கால் பக்கம்.